முற்றத்துக் கீரை

அத்தியாயம் பதினொன்று

"இந்தத் தடவ கொறஞ்சிருக்கும், பாருங்க" என்றாள் பொன்செல்வி.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு முறை சொன்னாள். இறங்கும்போது ஒரு முறை சொன்னாள். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், மகளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். லிங்கம் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினான். அவனுக்கும் அந்த ஆசைதான். ஆனால் வாயைத் திறந்து சொல்லப் பயமாக இருந்தது.

நாலு வயது ஷிஜா அம்மாவின் முந்தானையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். பிரசவம் பார்த்த நர்ஸின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள்.

"வீட்டுல போகாம் அப்பா" என்றாள், தமிழும் மலையாளமும் கலந்து.

"போலாம் மோளே. டாக்டரப் பாத்துட்டுப் போலாம்."

"ஊசி உண்டோ?"

"இன்னிக்கு ஊசி இல்ல."

சென்ற கோடையில் தொடங்கியது அந்தப் பிள்ளையின் வயிற்று வலி. சோறு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளைக்கூட மறந்துவிட்டு, தொட்டதற்கெல்லாம் அழுதாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கடைசியில் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் அதில் ஈயம் ஏறியிருப்பது தெரிந்தது.

"நிங்ஙளுக்கு என்ன பணி?" என்று டாக்டர் அன்றைக்கு மலையாளத்தில் கேட்டார். லிங்கத்துக்கு அப்போதே புரிந்துவிட்டது. கிள்ளிப்பாலம் பக்கம் ஓர் ஆக்ரிக்கடையில் அவனுக்கு வேலை. பழைய இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் வந்து குவியும் அந்தக் கிடங்கில் செத்த பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி எடுப்பவன் அவன். ஏழு வருஷமாக அந்தத் தூசியைத் தலையிலும் சட்டையிலும் சுமந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் தலை தெரிந்ததும் ஷிஜா ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள்.

மறு வாரமே அந்த வேலையை விட்டான். இப்போது தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான்.

மீதியைப் பொன்செல்வி பார்த்துக்கொண்டாள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளதாகக் கொடுத்தால் உடம்பு ஈயத்தை அவ்வளவாக வாங்காது என்று டாக்டர் சொன்னதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். கேழ்வரகுக் கூழ், முட்டை, நெல்லிக்காய், பால் என்று மாற்றி மாற்றி ஊட்டினாள். பிள்ளையை வெறும் வயிற்றோடு ஒரு பொழுதும் விடவில்லை. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தாள். கலப்படம் இருக்கும் என்று பாக்கெட் மஞ்சள்பொடியை நிறுத்திவிட்டு விரலி மஞ்சளை வாங்கி இடித்தாள். ஈயப் பெயிண்ட் இருக்குமோ என்று பயந்து பிள்ளையின் சாயப் பொம்மைகளைத் தூக்கி எறிந்தாள். அதே பயத்தில் கண்மையையும் நிறுத்தினாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் வேலை அவளுக்கு. அதையும் அரைநாளாக மாற்றிக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கீரை.

ஆபீஸில் பெண்கள் பேசிக்கொள்வார்கள்: பாண்டியிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, லாரியில் வரும் காய்கறி முழுக்க விஷம், மருந்தில் முக்கித்தான் அனுப்புகிறார்கள் என்று. பாண்டிக்காரியான பொன்செல்வி அதைக் கேட்டுக்கொண்டே மேஜையைத் துடைப்பாள். ஒருநாள் சாலைக் கடைத்தெருவில் சிவப்புத் தண்டுக்கீரை விதை வாங்கி வந்தாள். வீட்டு முற்றத்தில் லிங்கம் கடப்பாரை போட்டுக் கொத்திக் கொடுத்தான். பாத்தி கட்டி, விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. கீரை தளதளவென்று வந்தது.

"ஷிஜா லிங்கம்" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

•

டாக்டரம்மா கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கொறஞ்சிட்டில்ல" என்றார். அவர்களுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார். "கொறையல. கூடியிருக்கு."

பொன்செல்வியின் முகத்தில் உள்ளே வரும்போது இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அதை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

"கூடியிருக்குன்னா?"

"போன தடவை முப்பத்தெட்டு. இப்போ நாப்பத்தாறு. அஞ்சு தாண்டினாலே கவனிக்கணும்."

"இல்ல டாக்டர். நீங்க சொன்னத ஒண்ணு விடாமச் செஞ்சேன். ஈரத்துணி வெச்சுத்தான் தொடைக்கேன். கைய அஞ்சாறு தடவ கழுவி விடுதேன். முட்ட, பாலு, நெல்லிக்கா…"

"கீரை?"

"தெனமும் டாக்டர். வெளிய வாங்குறதே இல்ல. வீட்டுலயே போட்டது. மருந்து அடிக்காதது."

"வளரெ நல்லது" என்றார் டாக்டர். "அதை விடண்டா. விடாதீங்க."

பிறகு லிங்கத்தைப் பார்த்தார். அவன் கைகளை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டான். ஹோட்டல் சோப்பில் ஊறி ஊறி வெளுத்துப் போன கைகள். இருந்தாலும் நகக்கண்ணில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று ஒரு பயம்.

"ஆ பழைய பணி?"

"விட்டுட்டேன் மேடம். அந்தப் பக்கமே போறதில்ல."

"ம்."

அந்த 'ம்' நம்பியதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இந்த அளவு வந்துட்டா மருந்து குடுக்கணும்" என்றார் டாக்டர். "ஆனா எங்க இருந்து வருதுன்னு தெரியாமக் குடுக்க முடியாது. மருந்து ஒரு பக்கம் எடுக்கும், வீடு ஒரு பக்கம் ஏத்தும். முதல்ல வர்ற வழிய அடைக்கணும்."

"மூளைக்கு ஒண்ணும்…" லிங்கம் ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை.

ஷிஜா மேஜையில் கிடந்த பேனா மூடியை எடுத்து வாய்க்குக் கொண்டு போனாள். பொன்செல்வி பாய்ந்து பிடுங்கினாள்.

"எறங்கும். நாள் எடுக்கும்" என்றார் டாக்டர். "ஆனா ஆன பாதிப்பு முழுசும் மாறுமான்னு கேட்டா, எனக்கு அறியில்ல. பொய் சொல்ல முடியாது."

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "இன்னிக்கு உச்சைக்கு, மத்தியானம், ஒரு பெண்குட்டி உங்க வீட்டுக்கு வரும். ஆராய்ச்சி நிலையத்துல வேலை. கையில மெஷின் இருக்கும். எல்லாம் காட்டுங்க. ஒண்ணும் மறைக்கண்டா."

பொன்செல்வி திரும்பி லிங்கத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

•

ஆரியசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அரிசி மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். மளிகை மண்டி ஒன்றின் முன்னால் பொன்செல்வி சட்டென்று நின்றாள்.

"நேத்து ஏன் வர நேரமாச்சு?"

"ஹோட்டல்ல கூட்டம். நான் சொன்னேம்லா."

"அங்கனதான் இருந்தீகளா?"

"பின்ன எங்க போவேன்?"

"ஆக்ரிக்கடைக்குப் போகலியே?"

"போகல செல்வி."

"ஞாயித்துக்கெழம?"

"போகலன்னு சொல்லுதேன்லா! பிள்ள மேல சத்தியமா…"

"பிள்ள மேல சத்தியம் பண்ணாதீக" என்று சீறினாள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்செல்வி போனை எடுத்தாள். அவன் கண்முன்னாலேயே ஹோட்டல் மாஸ்டருக்குப் போட்டாள். "அண்ணே, நான் லிங்கத்து வீட்டுல பேசுதேன். நேத்து அவுக எத்தன மணி வர அங்க இருந்தாக?"

லிங்கம் தோளில் பிள்ளையோடு நின்றான். கோபம் வரவில்லை. மாஸ்டர் ஏதாவது மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் வந்தது. தப்பு செய்யாதவன் இப்படிப் பயப்படுவானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"இங்கதான் இருந்தான். எதுக்குக் கேக்கே?" மாஸ்டரின் குரல் அவனுக்கும் கேட்டது.

அவள் போனை வைத்துவிட்டாள். முகம் தெளியவில்லை.

"அவரு ஒங்க ஆளு. வேற என்ன சொல்லுவாரு?"

"நான் என்ன செய்யணும்? சொல்லு. செய்யுதேன்."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் நடுத்தெருவுல நின்னு கத்துதேன்?" என்றாள். "எல்லாம் செஞ்சாச்சு. இனி செய்யதுக்கு என்ன இருக்கு?"

லிங்கம் பின்னால் நடந்தான். ஒரு நினைப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. உடுப்பை மாற்றலாம், வேலையை மாற்றலாம். ஏழு வருஷமாக உள்ளே போனதை என்ன செய்வது? அது அவன் வேர்வையில் கசிந்து வெளியே வருகிறதோ? தோளில் கிடக்கும் பிள்ளையின் கன்னம் இப்போது அந்த வேர்வையில்தானே ஒட்டியிருக்கிறது?

பிள்ளையை இறக்கி நடக்கவிட்டான்.

"தூக்கு அப்பா" என்றாள் ஷிஜா.

"கொஞ்சம் நட மோளே."

•

கடைகளின் பின்புறம், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். லைன் வீடு என்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். எல்லா வீட்டுக்கும் பொதுவாக முன்னால் ஒரு மண் முற்றம். அதன் மதிலோரத்தில் சிவப்பாகக் கீரைப் பாத்தி.

வந்ததும் பொன்செல்வி ஓர் அணைப்புக் கீரையைப் பறித்தாள். மூன்று தண்ணீரில் அலசினாள். பருப்போடு கடைந்து, சோற்றில் பிசைந்து, நெய் விட்டாள். சோறு ரோஜா நிறமாக மாறியது.

"வேண்டா" என்றாள் ஷிஜா.

"இத மட்டும். இந்த ஒரு வாய். இது காக்காக்கு, இது ஆனைக்கு, இது மோளுக்கு…"

நாலு வாய் போதும் என்று அடம்பிடித்த பிள்ளைக்கு இன்று இரண்டு மடங்கு ஊட்டினாள். இடையில் ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிண்ணம் காலியானதும்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஏதோ ஒன்றையாவது பிள்ளைக்குச் செய்துவிட்ட மூச்சு.

லிங்கம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போகத் தயக்கமாக இருந்தது.

•

ஆராய்ச்சி நிலையத்துப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் ஒரு பை. அதிலிருந்து சுவரில் ஓட்டை போடும் டிரில்லைப் போல ஒன்றை எடுத்தாள்.

"நான் ஜானவி. கோட்டைக்குள்ளதான் எங்க வீடு" என்றாள். தமிழ் கேட்டதும் பொன்செல்விக்குச் சற்றுத் தெம்பு வந்தது. "பயப்படாதேங்கோ. இதை ஒரு சாமான் மேல வெச்சா அதுல ஈயம் இருக்கான்னு சொல்லும். அவ்வளவுதான்."

பாத்திரங்களில் வைத்துப் பார்த்தாள். மசாலா டப்பாக்கள், சுவர்ப் பெயிண்ட், ஷிஜாவின் வளையல், சாமி படத்துக் குங்குமம். ஒவ்வொன்றுக்கும் கருவி மெல்லிசாகச் சத்தம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டி, "இல்லை" என்றாள்.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து வாசலை அடைத்து நின்றார்கள்.

"அவுக துணியப் பாருங்க" என்றாள் பொன்செல்வி. "செருப்பையும் பாருங்க."

லிங்கத்தின் சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டாள். ஊரார் பார்க்கத் தன் அழுக்குச் சட்டையைச் சோதிப்பதை லிங்கம் பார்த்துக்கொண்டு நின்றான். காலர், பை, கைமடிப்பு, பிறகு செருப்பு.

"ஒண்ணும் இல்லை" என்றாள் ஜானவி. "சுத்தமா இருக்கு."

பொன்செல்வி அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக, முகத்தை முகமாகப் பார்த்தாள். லிங்கத்தின் கண் கரித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

"அப்போ எங்கேர்ந்து வரது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஜானவி வெளியே வந்தாள். முற்றத்தில் ஷிஜா குந்தியிருந்து குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். ஜானவி அவளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"குழந்தை எப்பவும் இங்கதான் விளையாடறாளா?"

"வேற எங்க விளையாட?" என்றாள் பொன்செல்வி.

ஜானவி முழங்காலிட்டு, கருவியை மண்ணில் வைத்தாள். அது சத்தம் போட்டு நின்றது. திரையைப் பார்த்தாள். கருவியின் முனையைத் துடைத்துவிட்டு இரண்டடி தள்ளி வைத்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு யாரிடமும் எதுவும் பேசாமல் மதிலோரம் நடந்து, கீரைப் பாத்தியில் வைத்தாள்.

"குழந்தையைத் தூக்கிண்டு உள்ள போங்கோ" என்றாள். குரல் மாறியிருந்தது. "முதல்ல அவ கையை அலம்பி விடுங்கோ."

"என்ன காட்டுது?"

"குழந்தைகள் பொழங்கற மண்ணுல நானூறு இருந்தாலே ஆபத்தும்பா. இங்க மூவாயிரத்துக்கு மேல இருக்கு." நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். "இந்த வீடெல்லாம் கட்டறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது?"

யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பிறகு வாடகைக்கு வந்தவர்கள்.

லிங்கம் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றான். கடப்பாரை போட்டுக் கொத்திய அன்று மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக, கட்டியாகச் சில்லுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் சன்னமாக வரிவரியாகப் பள்ளம். "என்னது அது?" என்று பொன்செல்வி கேட்டாள். "பிளாஸ்டிக்கு" என்று சொல்லிவிட்டு அவற்றைப் பொறுக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினான். அது ஏழு வருஷம் அவன் சுத்தியலால் அடித்து உடைத்த பேட்டரிப் பெட்டியின் சில்லு. அவன் கை அதை அடையாளம் கண்டுகொண்டது. மனசு காணவில்லை.

"பேட்டரி ஒடச்ச எடம்" என்றான். தன் குரலே தனக்கு அன்னியமாகக் கேட்டது. "இங்கன வெச்சு ஒடச்சு உருக்கியிருக்காங்க."

பொன்செல்வி அவனையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கீரையில?" என்று கேட்டாள்.

ஜானவி பாத்தியில் ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தாள். "லேப்ல குடுத்துப் பாத்தாதான் கீரையைப் பத்தி உறுதியாச் சொல்லலாம் அக்கா. ஆனா இந்த மண்ணுல வெளைஞ்சதை இனிமே குடுக்கவே குடுக்காதேங்கோ."

"மூணு தண்ணியில அலசித்தான் போடுவேன்."

"மேல ஒட்டின மண்ணு போயிடும். வேர் உறிஞ்சறது போகாது."

"டாக்டரு விடாதன்னு சொன்னாங்க." பொன்செல்வி யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "காலையிலகூடச் சொன்னாங்க. நல்லதுன்னாங்க. இப்பக்கூடக் குடுத்தேன். இப்பத்தான். வேண்டாம்னுதான் சொல்லுச்சு. அமுக்கிப் பிடிச்சுக் குடுத்தேன்."

லிங்கத்தின் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது ஒரு நிம்மதிதான். நான் இல்லை. இவ்வளவு நாளும் நான் இல்லை. அது எழுந்த அதே நொடியில் மனைவியின் முகம் தெரிந்தது. அந்த நிம்மதியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பழியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் அங்கேயே வாங்கிக்கொண்டிருப்பான்.

"ஒன் தப்பு இல்ல செல்வி" என்றான்.

அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

•

"இனி என்ன செய்யணும்?" என்று ஜானவியிடம் கேட்டான் லிங்கம்.

"மேல் மண்ணை அப்படியே அள்ளி எடுக்கணும். இல்லேன்னா முழுக்க சிமெண்ட் போட்டு மூடணும். நான் இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்."

"எப்ப வருவாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது என் கையில இல்லை. அதுவரைக்கும் குழந்தை இங்க இருக்கப்படாது."

"எங்க இருக்கும்?"

ஜானவி மண்ணையும் நாலு கீரைத் தண்டையும் தனித்தனிப் பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் அடுத்த வீட்டு உலகம்மை வாயைத் திறந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"மெஷினு என்ன வேணும்னாலும் காட்டும். நாங்களும் இந்த மண்ணுலதான கெடக்கோம்? நானும் வாரத்துல மூணு நாளு ஒன் கீரையத்தான திங்கேன்? செத்தா போயிட்டேன்?"

பொன்செல்வி நிமிர்ந்தாள். "உலகு, இனி அதத் திங்காத" என்றாள். "நான்தான் ஒனக்குப் பறிச்சுப் பறிச்சுக் குடுத்தேன். ரெத்தம் ஊறும்னு சொல்லிக் குடுத்தேன். இனி திங்காத."

"நிய்யி பயந்துக்கோ. எங்களையும் ஏன் பயங்காட்டுத?" என்றாள் உலகம்மை. "இது வீட்டு முதலாளி காதுக்குப் போச்சுன்னா நாம எல்லாரும் சாமானத் தூக்கிட்டு ரோட்டுலதான் நிக்கணும். எங்க வீட்டுல அவுக முதலாளி குடோன்லதான் வேல பாக்காக. ஞாபகம் வெச்சுக்கோ."

பெண்கள் கலைந்தார்கள். ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டது.

காதுக்குப் போக வெகுநேரம் ஆகவில்லை. வீட்டு முதலாளியின் போன் லிங்கத்துக்கு வந்தது.

"லிங்கமே, அங்க ஆரு மெஷின் கொண்டு வந்தது?"

"ஆஸ்பத்திரியில இருந்து சொல்லி அனுப்பினாங்க முதலாளி. பிள்ளைக்கு…"

"அங்க ஒரு கொழப்பமும் இல்ல. உனக்குப் பயமுண்டெங்கில் வீடு மாறிக்கோ. மத்தவங்கள இளக்கி விடாதே, கேட்டோ?"

"முதலாளி, இங்க முன்னால பேட்டரி ஒடச்சீங்களா?"

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது.

"அதொக்க எங்க அப்பன் காலத்துக் காரியம்" என்றார் முதலாளி. போனை வைத்துவிட்டார்.

•

கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்யும் தன் அக்கா பொன்னம்மையைக் கூப்பிட்டாள் பொன்செல்வி. அந்த ஒரு கதவுதான் அவர்களுக்கு மிச்சம். பொன்னம்மை அழுதாள். பிறகு சொன்னாள்.

"பிள்ளைய மட்டும் கொண்டு வா. நாலஞ்சு நாளு வார்டன் கண்ணுல படாம வெச்சுக்கிடுதேன். நிய்யும் வந்தா முடியாது செல்வி. நாங்க மூணு பேரு ஒரு ரூமுல கெடக்கோம்."

"என்ன விட்டு அது தூங்காதே அக்கா."

"அதுக்கு நான் என்ன செய்ய, சொல்லு?"

பொன்செல்வி ஒரு பையில் மகளின் உடுப்பை எடுத்து வைக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, ஒவ்வொரு உடுப்பாக முகர்ந்து பார்த்தாள். எல்லாம் அந்த முற்றத்துக் கொடியில் காய்ந்தவை. எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

லிங்கம் வெளியே வந்தான். ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. கீரையைப் பிடுங்க ஆரம்பித்தான். ஈர மண்ணிலிருந்து வேர்கள் எளிதாக வந்தன. ஒரு சாக்கு நிறைந்துவிட்டது.

பிறகுதான் அதை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. மதிலுக்கு அப்பால் போட்டால் ஆடு தின்னும். எரித்தால் புகை ஆறு வீட்டுக்கும் போகும். ஓடையில் எறிந்தால் தண்ணீரில் போகும். குப்பை எடுக்க வரும் பெண்கள் வெறுங்கையால்தான் அள்ளுவார்கள். புதைக்கலாம் என்றால் இந்த மண்ணுக்குள்ளேயே திரும்பப் போகும்.

சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடுமுற்றத்தில் நின்றான். சாலைப் பக்கம் கடைகளில் விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே ஷிஜா, "பெரியம்மா வீட்டுல டிவி உண்டோ?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

உலகம்மை வந்தாள். முற்றத்தில் இறங்காமல், சுவரோரம் ஓடிய ஒரு சாண் சிமெண்ட் விளிம்பில் ஒரு கையால் சுவரைப் பிடித்து, வயிற்றைச் சுமந்து, அடி மேல் அடி வைத்து வந்தாள். லிங்கத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"செல்வி."

பொன்செல்வி பையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்த மெஷினு…" உலகம்மை குரலைத் தாழ்த்தினாள். "வயித்துக்குள்ள இருக்கறதயும் பாக்குமா?"

பொன்செல்வி கையை நீட்டி உலகம்மையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள்.

எதற்கு என்று உலகம்மை கேட்கவில்லை. "அவுக விட மாட்டாக" என்று மட்டும் சொன்னாள்.

திறந்து கிடந்த கதவுக்குள்ளிருந்து அவள் புருஷன் வீரபாண்டியின் குரல் வந்தது.

"ஏட்டி உலகு, அங்கன என்ன பேச்சு? உள்ள வா."

உலகம்மை ஒரு கணம் நின்றாள். பிறகு தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, வந்த விளிம்பின் மேலேயே சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பிப் போனாள்.